குருதிக் கணக்கும் கடைக் கணக்கும்

காய்ச்சல் கண்டவனுக்கு முதலில் கிடைக்க வேண்டியவர் மருத்துவர். 2021 ஏப்ரல், மே திங்களில் நம் நாட்டில் பலருக்கு முதலில் கிடைத்ததோ ‘பேக்கேஜ்’! சி.ஆர்.பி., டி-டைமர், பெரிட்டின், எல்.டி.எச்., ஐ.எல்-6 – மூட்டை சுமப்பவர் வாயில் நுழையாத பெயர்கள். அவர் மடியிலிருந்த பணம் மட்டும் அவற்றுக்குள் எளிதாக நுழைந்தது. சளியும் உடற்சூடும் தவிர வேறொன்றுமில்லாத இளைஞனும் வரிசையில் நின்று கையை நீட்டினான். தாளில் ஓர் எண் தடித்த எழுத்தில் வந்துவிட்டால் போதும், அன்றிரவு அந்த வீட்டில் உறக்கம் கிடையாது.

இச்சோதனைகள் பொய் என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது அறிவுக்குச் செய்யும் துரோகம். சி.ஆர்.பி. என்பது உடலில் அழற்சி மூண்டதும் கல்லீரல் சுரந்துவிடும் ஒரு புரதம். 1930-ல் அமெரிக்காவின் ராக்பெல்லர் நிலையத்தில் டில்லெட், பிரான்சிஸ் என்னும் இருவர், நிமோனியா நோயாளிகளின் குருதியில் அதைக் கண்டனர். டி-டைமர், குருதிக் கட்டி கரையும்போது மிஞ்சும் துணுக்கு. கொரோனா முற்றினால் நுரையீரலின் நுண்குழாய்களில் குருதி உறைகிறது. ஆகவே அதன் ஏற்றம் அபாயத்தைக் காட்டுவது இயல்பே.

யாரிடம் காட்டும் என்பதுதான் கேள்வி. 2020 மார்ச்சில் ‘லான்செட்’ ஏட்டில், வூகான் நகரின் இரு மருத்துவமனைகளைப் பற்றிய ஆய்வு வந்தது. 191 நோயாளிகள், 54 பேர் மாண்டனர். சேர்ந்தபோதே டி-டைமர் மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தோரிடையே சாவு மிகுதி என்று கண்டார்கள். சரி, அந்த 191 பேர் யார்? மருத்துவமனைப் படுக்கைக்கு வந்து சேர்ந்தவர்கள். அவர்களை அளக்கச் செய்த கோலைக் கொண்டுவந்து, வீட்டுத் திண்ணையில் கஞ்சி குடித்துக்கொண்டிருப்பவனை அளந்தால் கணக்கு எப்படிச் சரியாகும்? பல்லில் சீழ் வைத்தாலும் சி.ஆர்.பி. ஏறுமே! தில்லி எய்ம்ஸ் இயக்குநராக அன்றிருந்த ரண்தீப் குலேரியா, நோய் இலேசாக உள்ளவர்களுக்கு இவை வேண்டாம், பீதிதான் மிஞ்சும் என்று 2021 மே தொடக்கத்தில் எச்சரித்தார். கேட்டவர் எத்தனை பேர்?

பீதியோடு நின்றிருந்தாலும் பொறுத்திருக்கலாம். எண் ஏறியதென்று ஸ்டீராய்டு கொடுத்தார்களே, அதுதான் கொடுமை! பிரிட்டனின் ‘ரெக்கவரி’ ஆய்வு 2020 ஜூனிலேயே தெளிவாகக் கூறிற்று: டெக்சாமெத்தசோன், செயற்கை மூச்சில் இருப்போரின் சாவை மூன்றில் ஒரு பங்கும், பிராணவாயு மட்டும் பெறுவோரின் சாவை ஐந்தில் ஒரு பங்கும் குறைக்கும், பிராணவாயு தேவைப்படாதவருக்குப் பயனில்லை. அம்மருந்து சர்க்கரையை ஏற்றும், எதிர்ப்பாற்றலைத் தாழ்த்தும். பின்னாலேயே வந்தது கறுப்புப் பூஞ்சை. கட்டுக்கடங்காத சர்க்கரை நோயும், அளவின்றி ஊட்டிய ஸ்டீராய்டும் அதற்கு வழி திறந்தன என்பது மருத்துவர்களின் கருத்து. 2021 ஜூலைக்குள், 45,000-க்கு மேற்பட்டோர் என்று அரசே நாடாளுமன்றத்தில் கணக்குக் கொடுத்தது. எத்தனை கண்கள் போயின!

அதே ‘ரெக்கவரி’ ஆய்வினர் சி.ஆர்.பி.யை எப்படிப் பயன்படுத்தினர்? பிராணவாயு குறைந்து, கூடவே சி.ஆர்.பி. 75-ஐ எட்டியவர்களைத் தேர்ந்து டோசிலிசுமாப் கொடுத்துப் பார்த்தனர். நூற்றுக்கு நான்கு உயிர் கூடுதலாகப் பிழைத்தது என்று 2021 பிப்ரவரியில் அறிவித்தனர். அங்கே எண் தனியாக நின்று தீர்ப்புக் கூறவில்லை; மூச்சும் சேர்ந்து சாட்சி சொன்னது.

அந்நாட்டிலேயே 260 மருத்துவமனைகளில் 35,000-க்கு மேற்பட்டோரை ஆராய்ந்து, ‘4சி’ என்றொரு மதிப்பெண் முறை வகுத்தனர். எட்டே செய்திகள். வயது, ஆணா பெண்ணா, வேறு நோய்கள், மூச்சின் வேகம், பிராணவாயு அளவு, நினைவுத் தெளிவு – இவ்வாறையும் ஊசி குத்தாமலே அறியலாம். குருதியிலிருந்து வேண்டுவன யூரியாவும் சி.ஆர்.பி.யும் மட்டுமே. டி-டைமருக்கும் ஐ.எல்-6-க்கும் அதில் இடமே இல்லை!

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் குறையற்றதன்று. கருநிறத் தோலில் அது பிராணவாயுவை உயர்த்திக் காட்டுவதுண்டு என்று 2020 டிசம்பரில் அமெரிக்க ஆய்வொன்று கூறிற்று. வெயிலில் உழைப்போர் மிகுந்த நம் நாட்டுக்கு இது சிறு செய்தியா? கருவியைப் பார்க்கும் செவிலியர், மூச்சையும் ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கொரோனா நெருக்கடி முடிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் அறிவித்துவிட்டது. இன்புளுயன்சா முடியவில்லை. தமிழகத்தில் தனியார் மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1997-லேயே வந்தது. விதிகள் பிறக்க 2018 ஆயிற்று! இனியும் இருபது ஆண்டு காத்திருக்க முடியாது. எந்த நோயாளிக்கு, நோயின் எந்த நாளில், எந்தச் சோதனை என்று ஒரே தாளில் தமிழில் எழுதி, ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுவரிலும் ஆய்வகத்தின் வாசலிலும் அரசு ஒட்டட்டும். விலையையும் அதன் கீழேயே எழுதட்டும்.