முதலில் மெஷினைக் கேள்!



லேபில் நுழைந்ததும் நாம் செய்யும் முதல் வேலை என்ன? சீனியரின் ரெக்கார்டு நோட்டைத் தேடுவது! "யூநேம் கமாண்டுக்கு அவுட்புட் என்னண்ணே?" என்று கேட்டு, அப்படியே எழுதி, கையெழுத்தும் வாங்கிவிடுகிறோம். நானும் அதைத்தான் செய்தேன். பிராக்டிகலுக்கு வந்த எக்ஸ்டர்னல் என் நோட்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "தம்பி, நோட்டுல இருக்கிற கெர்னல் எந்த மெஷினுது?" என்றார். பதில் இல்லை. அந்த மெஷின் நான் சேருவதற்கு முன்பே காயலான் கடைக்குப் போயிருந்தது!

இத்தனைக்கும் அது மூன்றே வரி ஷெல் ஸ்கிரிப்ட். முதல் வரி எந்த ஷெல் என்று சொல்லும். இரண்டாவது 'யூநேம்': கெர்னலின் பெயரையும் வெர்ஷனையும் காட்டும். ஆனால் ஓடுவது உபுண்டுவா, சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸா என்பதை அது தெளிவாகச் சொல்லாது. அதற்குத்தான் மூன்றாவது வரி: 'இடிசி' டைரக்டரியில் உள்ள 'ஓ.எஸ்-ரிலீஸ்' ஃபைலை 'கேட்' கமாண்டால் காட்ட வேண்டும்.

விண்டோஸில் இன்னொரு வேடிக்கை. 'வெர்' என்று அடித்தால் விண்டோஸ் 11 மெஷினும் 10.0 என்றே பதில் சொல்லும்! பில்டு எண் 22000 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் அது 11. நம்ம ஊர் பெரிய மார்க்கெட்டுக்குக் குபேர் அங்காடி என்றும் பெயர் இருக்கிற மாதிரிதான். கேட்கத் தெரிந்து கேட்க வேண்டும்.

"இது தெரிஞ்சு என்ன ஆகப் போகுது?" என்கிறீர்களா? 2017 மே மாதம் 'வான்னாக்ரை' வைரஸ் உலகமெங்கும் கம்ப்யூட்டர்களைப் பூட்டியது. அந்த ஓட்டையை அடைக்கும் பேட்சை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்திருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள். விண்டோஸ் 10-க்கும் வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. தன் மெஷினில் ஓடுவது எது என்றே தெரியாதவன் எந்த பேட்சைப் போடுவான்?

தப்பு நம்முடையது மட்டுமல்ல. எல்லா நோட்டிலும் ஒரே அவுட்புட் இருந்தும் கையெழுத்துப் போடுகிறார்களே, அதுவும் தப்புதான்! என் யோசனை இது: ஒவ்வொரு எக்சர்சைஸுக்கும் முதலில் இந்த ஸ்கிரிப்டை ஓட்டி, 'டேட்' கமாண்டையும் சேர்த்து, வந்ததை வந்தபடி ஒட்ட வேண்டும். ஆளுக்கு ஆள் மாறினால் மாறட்டும், அதுதான் உண்மை!

நாளை சேதராப்பட்டிலோ மேட்டுப்பாளையத்திலோ ஒரு கம்பெனியில் "பி.சி. ஓடலை" என்று கூப்பிடும்போது சீனியரின் நோட்டு கூட வராது. மெஷினிடம் கேட்கும் பழக்கம்தான் வரும்.

சிந்திப்போம்... இனி சொந்தமாய் எழுதுவோம்!

— மூன்றாமாண்டு மாணவன், கணினித் துறை