ஆகக் குறைந்தது எத்தனை?

வகுப்பில் ஒரு கணக்கு தரப்பட்டது. 100 மாணவிகள் சுற்றுலா செல்கின்றனர். ஒரு பஸ்ஸில் 45 பேர் அமரலாம். ஆகக் குறைந்தது எத்தனை பஸ்கள் தேவை? வகுத்துப் பார்த்தோம், 2.2 என வந்தது. கிட்டிய முழு எண்ணுக்கு மட்டந்தட்டி "2" என்று பலர் எழுதினோம். நானும் அவர்களில் ஒருத்தி. அந்த விடையின்படி 10 பேர் கல்லூரி வாசலிலேயே நிற்க வேண்டும் என்பது எமக்குத் தோன்றவில்லை. சரியான விடை 3.

அடுத்த கணக்கு, 130 ரூபாப்படி 1000 ரூபாவுக்கு ஆகக் கூடியது எத்தனை கொப்பிகள் வாங்கலாம் என்பது. வகுத்தால் ஏறத்தாழ 7.7. மட்டந்தட்டினால் 8. ஆனால் 8 கொப்பிகளுக்கு 1040 ரூபா வேண்டும். ஆகவே விடை 7.

முதற் கணக்கில் மேலே போக வேண்டும். இரண்டாவதில் கீழே வர வேண்டும். எந்தச் சூத்திரமும் இதைச் சொல்லித் தராது. பஸ்ஸையும் கடையையும் மனக்கண்ணில் பார்த்தால் மட்டுமே தெரியும். நாம் புள்ளிகளை இழப்பது வகுக்கத் தெரியாமல் அல்ல, வாசித்த வசனத்தை வாழ்க்கையோடு சேர்த்துப் பார்க்காததால்தான் என்பது என் கருத்து.

என் உம்மா ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். "எனக்குக் கணக்கு வராது மகள்" என்றே எப்போதும் சொல்வார். ஒரு நாள் கோழிகளுக்கு அடைப்புக் கட்ட வாப்பா 20 மீற்றர் கம்பி வலை வாங்கி வந்தார். முற்றத்தின் நடுவில் சதுரமாகக் கட்ட அளந்துகொண்டிருந்தார். உம்மா குசினிக்குள் இருந்தபடியே, "மதிலோட சேர்த்துக் கட்டுங்களேன், ஒரு பக்கத்து வலை மிச்சம்தானே" என்றார்.

நான் கொப்பியில் போட்டுப் பார்த்தேன். நான்கு பக்கமும் வலை என்றால் 5 மீற்றர் சதுரமே ஆகக் கூடிய பரப்பளவைத் தரும்: 25 சதுர மீற்றர். பக்கங்கள் 6, 4 என்றால் 24. 7, 3 என்றால் 21. 8, 2 என்றால் 16. ஐந்திலிருந்து 1, 2, 3 என விலக, பரப்பளவு 1, 4, 9 எனக் குறைகிறது. விலகலின் வர்க்கமே இழப்பு. மதிலோடு சேர்த்தால் வலை மூன்று பக்கங்களுக்கே போதும். அகலம் 5, நீளம் 10 என அமைத்தால் 50 சதுர மீற்றர். அதே வலை, இரு மடங்கு இடம்! இங்கே சதுரம் அல்ல, நீளம் அகலத்தின் இரு மடங்காக உள்ள செவ்வகமே உயர்வுப் பெறுமானத்தைத் தருகிறது.

கணக்கு வராது என்ற உம்மாதான் அந்தக் கணக்கின் முக்கியமான படியைச் செய்தவர். நான் செய்தது பெருக்கல் மட்டுமே.

பெற்றோரே, "எனக்கும் கணக்கு வராது, உனக்கும் வராது" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு வசனத்தை நம்பியே உயர்தரத்தில் கணிதப் பிரிவின் பக்கம் திரும்பிப் பார்க்காத கெட்டிக்காரிகள் உண்டு. அரிசி வாங்கும்போதும் துணி வெட்டும்போதும் அவர்களையும் அருகில் அழைத்துக் கேளுங்கள்.

தோழியரே, பேனையை எடுக்குமுன் மூன்று கேள்விகள்: எது மாறாதது? எது மாறக்கூடியது? வந்த விடை நடைமுறைக்குப் பொருந்துமா? மூன்றாவதைக் கேட்டிருந்தால், அன்று அந்தப் பத்துப் பேரையும் நாங்கள் வாசலில் விட்டுச் சென்றிருக்க மாட்டோம்.