பின் பட்டையும் ஷாக்கும்: எதுக்குச் செலவு பண்ணணும்?

போன வாரம் சென்னையில் இருந்து ஒரு தம்பி போன் பண்ணினார். புதுசா தார் ஜீப் எடுத்திருக்காராம். கொடைக்கானல் பக்கம் எஸ்டேட் பாதை, மலைப் பாதை எல்லாம் ஓட்டிப் பார்க்கணும், அதுக்கு வண்டியை ரெண்டு இஞ்ச் தூக்கி, பின்னாடி நல்லா ஸ்ட்ராங்கா ஸ்பிரிங்கும் ஷாக்கும் போடப் போறேன், "எது போடலாம்ணா, நீங்கதான் அங்கேயே ஜீப் ஓட்டுறவர்"னு கேட்டார். "தம்பி, பின்னாடி என்ன ஏத்தப் போறீங்க?"ன்னு கேட்டேன். "ஒண்ணும் இல்லைண்ணா, நானும் வொய்ஃபும் ஒரு பேக்கும்"னார். அப்படின்னா ஒண்ணும் மாத்தாதீங்கன்னு சொன்னேன். அவருக்கு அந்தப் பதில் பிடிக்கலைன்னு குரலிலேயே தெரிஞ்சது. போனில் முழுசா சொல்ல முடியாததை இங்கே எழுதுறேன்.

எங்களுக்கு தாண்டிக்குடி பக்கம் கொஞ்சம் காப்பி, மிளகு, சவ்சவ், நாலஞ்சு வரிசை பட்டர் ஃப்ரூட். தோட்டத்தில் இருந்து தார் ரோட்டுக்கு வர மண்பாதைதான். 2018 நவம்பரில் கஜா புயல் அடிச்சதே, நினைவிருக்கும். டெல்டா பக்கம் தென்னை விழுந்ததைத்தான் டிவியில் காட்டினாங்க. அது அப்படியே எங்க மலை மேலயும் ஏறித்தான் போச்சு. மரம் விழுந்தது ஒரு பக்கம், பாதையில் இருந்த மண்ணையெல்லாம் தண்ணி அடிச்சுட்டுப் போய் வெறும் கல்லா ஆயிடுச்சு. ஒரு தடவை இறங்கி ஏறவே அரை நாள். அதனால் நடையைக் குறைக்கலாம்னு கணக்குப் போட்டேன். பன்னிரண்டு மூட்டை ஏத்துற பழைய கமாண்டர் ஜீப்பில் பதினெட்டு மூட்டை ஏத்தணும். அதுக்குப் பின் கமானில் ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு பட்டை கூடுதலாகப் போட்டேன். மெக்கானிக் வேண்டாம்னு சொன்னதைக் கேக்கலை.

லோடு ஏத்தினா வண்டி ராஜா மாதிரி நின்னுச்சு. பின்பக்கம் துளி தொங்கலை. எனக்கு ஒரே பெருமை.

பிப்ரவரியில் மிளகு பறிக்கும்போது சில்வர் ஓக் மரத்தில் சாத்தியிருந்த ஒத்தை மூங்கில் ஏணி சரிஞ்சு அண்ணன் விழுந்துட்டார். இடுப்பில் அடி. ஜீப்பில் ஒரு மூட்டைகூட இல்லை. பின்னாடி மெத்தையை விரிச்சு அவரைப் படுக்க வெச்சு, மதினி தலைமாட்டில் உக்காந்தாங்க. பதினெட்டு மூட்டை தாங்குற பட்டை ரெண்டு ஆள் கனத்துக்கு வளையுமா? வளையலை. ஒவ்வொரு கல்லும் அப்படியே சேஸ் வழியா ஏறி அவர் இடுப்பில் போய் இடிச்சது. முதல் கியரில் ஊர்ந்தாலும் அதே கதிதான். பாதி தூரத்தில் மதினி கத்தினாங்க: "நிறுத்துங்க தம்பி, நாங்க தூக்கிட்டே போயிக்கிறோம்." போர்வையைக் கம்பில் கட்டித் தொட்டில் மாதிரி ஆக்கி, நாலு பேர் தூக்கிட்டு நடந்தாங்க. நான் காலி ஜீப்பை அவங்க பின்னாடி ஓட்டிட்டுப் போனேன். இதுக்கு மேல அந்த நாளைப் பத்தி எழுத முடியலைங்க. அண்ணன் இப்ப நடக்கிறார், கொஞ்சம் சாஞ்சு.

அப்புறம் வத்தலக்குண்டு மெக்கானிக்கிட்ட வண்டியை விட்டேன். அவர் சொன்ன விஷயம் இதுதான். கமான் பட்டை கனத்தைத் தாங்குறதுக்கு. ஷாக் அப்சார்பர் கனத்தைத் தாங்காது. அமுங்கின பட்டை திரும்பத் துள்ளுறதை அடக்குறதுதான் அதோட வேலை. உள்ளே எண்ணெய், ஒரு பிஸ்டன், சின்னச் சின்னத் துளைகள். எண்ணெய் துளை வழியா நெருக்கிப் போகும்போது துள்ளல் சூடா மாறுது, அவ்வளவுதான். பின்னாடி தொங்குதுன்னு ஷாக் மாத்துறதும், தூக்கிப் போடுதுன்னு பட்டை சேக்குறதும் ரெண்டுமே தப்பு. பட்டையைக் கூட்டினால் பழைய ஷாக்கால அந்தத் துள்ளலை அடக்கவும் முடியாது. நான் அந்த ரெண்டு தப்பையும் சேத்தே பண்ணியிருக்கேன்.

கூடுதல் பட்டை எல்லாத்தையும் கழட்டிட்டு, பக்கத்துக்கு ஒரு ஹெல்ப்பர் பட்டை மட்டும் போட்டார். லோடு ஏறி வண்டி அமுங்கினால்தான் அது போய் முட்டி வேலை செய்யும். காலியா ஓடும்போது சும்மா இருக்கும். பிக்அப் வண்டிகளின் பின்பக்கம் குனிஞ்சு பாருங்க, அடியில் தடியா ஒரு பட்டை தனியா நிக்கும், அதேதான். ஷாக் நாலும் புதுசு, ரப்பர் புஷ் எல்லாம் புதுசு. பட்டைகளுக்கு நடுவில் இறுகியிருந்த செம்மண்ணைச் சுரண்டி கிரீஸ் வெச்சார். பதினெட்டு மூட்டைக் கனவை விட்டாச்சு. இன்னொரு லாபம், கிரேட்டில் அடுக்கின பட்டர் ஃப்ரூட்டில் அடித்தட்டுக் காய் முன்னெல்லாம் கன்றிப்போய் கறுக்கும், வியாபாரி தனியா ஒதுக்கிடுவார். அது பாதிக்கு மேல குறைஞ்சிருச்சு.

இப்ப சென்னைத் தம்பி விஷயத்துக்கு வர்றேன். 2010-ல் வந்த தாரில் பின்னாடி கமான் பட்டை. 2020-ல் வந்த புதுசில் சுருள் ஸ்பிரிங். ரெண்டு பேர் போற வண்டிக்கு அதுவே தாராளம். கனமான ஸ்பிரிங் போட்டால் என் அண்ணன் பட்ட பாட்டை நீங்க காசு கொடுத்து வாங்குறீங்க. ரெண்டு இஞ்ச் தூக்கினால் பின் ஷாப்ட் வளைவு மாறி கிராஸ் சீக்கிரம் தேயும். பிரேக் ஓஸ் நீளம் பத்துதான்னு பாக்கணும். வத்தலக்குண்டில் இருந்து கொடைக்கானல் வரைக்கும் தார் ரோடு, வளைவுக்கு மேல வளைவு. கல்லில் ஏறிப் போட்டோ எடுக்கிற பத்து நிமிஷத்துக்காக மலை முழுக்க ஆடிக்கிட்டே வரணுமா? சட்டமும் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு. கம்பெனி கொடுத்த அமைப்பை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியாச்சு. (பதினெட்டு மூட்டை ஏத்தினவன் சட்டம் பேசுறானேன்னு சிரிக்காதீங்க.)

காசு செலவு பண்ணியே ஆகணும்னா ஷாக்குக்குப் பண்ணுங்க, அதுவும் பழசு போன பிறகு. போயிருச்சான்னு பாக்க எங்க வழி: கல்பாதையில் ஓட்டி இறங்கின உடனே புறங்கையை லேசா ஷாக் மேல வெச்சுப் பாருங்க. நாலும் சூடா இருக்கணும். ஒண்ணு மட்டும் சில்லுன்னு இருந்தா அது வேலை செய்யலைன்னு அர்த்தம். எண்ணெய் கசிவு தெரிஞ்சாலும் மாத்திடணும். கேஸ் ஷாக்கா ஆயில் ஷாக்கான்னு பெரிய சண்டையே நடக்குது. சூரியநெல்லியில் இருந்து கொழுக்குமலைக்கு ஏறுற ஜீப் மாதிரி தினம் மணிக்கணக்கா கல்லில் குலுங்கினால் உள்ளே எண்ணெய் நுரைச்சு ஷாக் சோர்ந்துடும். கேஸ் அந்த நுரையைத் தடுக்கும். வருஷத்துக்கு ரெண்டு தடவை மலைக்கு வர்றவருக்கு ஆயிலே போதும்.

அதைவிடச் சுலபம், காலி வண்டியில் மண்பாதை ஏறும் முன்னால் டயர் காத்தை 30-ல் இருந்து 20-க்கு இறக்குங்க. பாதி குலுக்கல் அங்கேயே போயிரும். தார் ரோடு வந்ததும் மறக்காமல் அடைச்சுக்கணும். ஒரு சின்ன பம்பு வாங்கி வண்டியில் வெச்சுக்கங்க.

தம்பி அடுத்த மாசம் வர்றேன்னிருக்கார். என் ஜீப்பில் பின்னாடி உக்காரவெச்சு ஒரு நடை கூட்டிட்டுப் போறதா சொல்லியிருக்கேன். அண்ணன் மட்டும் இன்னைக்கும் பின்னாடி ஏற மாட்டார், முன் சீட்டுதான். ஏறுறதுக்கு முன்னால ஒரு தடவை குனிஞ்சு, பட்டையை எண்ணிப் பாத்துட்டுத்தான் ஏறுவார்.