கோல் போட்டது காலா, கிரகமா?

நம் நாட்டில் ஆயிரம் ஜனங்கள் ஓரிடத்தில் கூடுவதென்றால் அது பெரும்பாலும் சாமியின் பேராலேயே நடக்கின்றது. அப்படிக் கூடுமிடத்தில் யார் முன்னே நிற்பது, யார் பின்னே நிற்பது, யாருக்குப் பரிவட்டம், யாருக்கு முதல் விபூதி என்பதெல்லாம் பிறப்பைக் கொண்டே முடிவாகின்றன. எங்கள் மதுரைச் சீமையில் மாடு அவிழ்த்துவிடுவதில்கூடக் கோயில் காளைக்குத்தான் முதல் மரியாதை. ஆகவே, ஜாதியைக் கேளாமல் ஜனங்கள் ஆயிரக்கணக்கில் கூடுமிடம் ஒன்று இருக்குமானால் அதை நாம் சற்று நின்று கவனிக்க வேண்டியது அவசியமாகும்.

சம்பளத்திற்கு ஆடும் கழகங்களின் கால்பந்துப் பந்தயம் அப்படிப்பட்ட ஓர் இடமாகும். சென்னைப் பெரியமேட்டில் 1993-இல் திறக்கப்பட்ட நேரு விளையாட்டரங்கைத் தன் சொந்த மைதானமாகக் கொண்டு, 2014 முதல் சென்னையின் எப்.சி. என்னும் கழகம் இந்தியன் சூப்பர் லீக்கில் ஆடி, 2015-லும் 2018-லும் கோப்பையை வென்றிருக்கின்றது. கோச்சடையிலிருந்து போவதென்றால் ஒரு இராத்திரி ரயில் பிரயாணம். வாசலில் டிக்கெட்டைக் காட்டினால் உள்ளே விடுகிறார்கள். கோத்திரம் என்ன, நட்சத்திரம் என்ன என்று கேட்பாரில்லை. பக்கத்தில் இருப்பவர் யாரோ, எவரோ; கோல் விழுந்ததும் அவர் உங்கள் தோளைக் கட்டிக்கொண்டு குதிக்கிறார், நீங்களும் குதிக்கிறீர்கள். ஊரில் எட்டி நில் என்று சொல்லிப் பழகிய வாய், இங்கே கூச்சல் போடுவதில் அதை மறந்துவிடுகின்றது. அதிக விலை கொடுத்தவனுக்கு மெத்தை நாற்காலி கிடைக்கின்றதே, அது பேதமில்லையா என்று சிலர் கேட்கலாம். பேதந்தான். ஆனால் அந்த நாற்காலியைப் பணம் சேர்ந்தால் நாளைக்கு நீங்களும் வாங்கலாம். பரிவட்டத்தை எந்தக் கவுண்டரில் வாங்குவது?

இந்தக் கேலரியில் உட்காரும் உரிமைக்கே உயிர் கொடுக்க வேண்டியிருந்த தேசமும் உண்டு. ஈரானில் மதத்தின் பேரால் சுமார் 40 வருஷ காலம் பெண்களுக்குக் கால்பந்து மைதானத்தின் கதவு அடைக்கப்பட்டிருந்தது. ஆண் வேஷம் போட்டுக்கொண்டு ஆட்டம் பார்க்கப் போய்ப் பிடிபட்ட ஒரு பெண், சிறைத் தண்டனைக்கு அஞ்சி, 2019 செப்டம்பரில் கோர்ட்டு வாசலில் தன் உடம்பில் தீ வைத்துக்கொண்டு மாண்டாள். ‘நீலப் பெண்’ என்று உலகம் அவளை அழைத்தது. அடுத்த மாதமே தெஹ்ரானில் கம்போடியாவுடன் நடந்த ஆட்டத்திற்குப் பெண்களுக்கு டிக்கெட் விற்றார்கள். முந்தின மாதம் பாபமாயிருந்தது மறுமாதம் பாபமில்லாமற் போனது எந்த வேதத்தின் உத்தரவால் என்று நமக்குத் தெரியவில்லை!

இனி, நேரில் பார்ப்பதால் வரும் பிரயோஜனத்தைச் சொல்லுவோம். டெலிவிஷன் பெட்டி பந்தைத்தான் காட்டும். கேலரியின் மேற்படியில் உட்கார்ந்தவனுக்கோ பந்து இல்லாதவனுடைய ஓட்டமும் தெரியும். ஒருவன் இடது ஓரமாக ஓடித் தன்னோடு எதிரி இருவரை இழுத்துக்கொண்டு போகிறான்; அவர்கள் விட்ட இடம் காலியாகின்றது; அந்த இடத்திற்கு இன்னொருவன் பாய்கிறான்; பந்து அங்கே வருகின்றது; கோல். பெட்டியில் பார்த்தவன் “அதிர்ஷ்டம்!” என்பான். நேரில் பார்த்தவன், முதலில் ஓடினவனைக் கைகாட்டுவான். காரணமும் காரியமும் பச்சைப் புல்லின்மேல் பட்டப்பகல்போல் நடப்பதைப் பார்க்க டிக்கெட் காசு அதிகமில்லை என்பது நமது அபிப்பிராயம். உதைப்பவன் நெஞ்சைத் தொட்டுக் கும்பிடுகிறான்; கோல் கீப்பரும் கும்பிடுகிறான். இருவருக்கும் கடவுள் செவி சாய்த்தால் பந்து கோட்டின்மேலேயே நிற்க வேண்டியதுதான்!

ஆட்டக்காரர்களும் கிரகத்திலிருந்து இறங்கி வந்தவர்களல்லர். வடசென்னை வியாசர்பாடியில் பந்து உதைத்து வளர்ந்த தனபால் கணேஷ் இந்த அணிக்கும் இந்தியாவுக்கும் ஆடினார். குமரி மாவட்டக் கடலோரக் கிராமத்திலிருந்து மைக்கேல் சூசைராஜ் வந்தார். மழையிலும் வெயிலிலும் வருஷக்கணக்கில் ஓடிய ஓட்டமே அவர்களைக் கொண்டுவந்து நிறுத்தியது.

இவ்வளவும் கண்ணுக்கெதிரே இருக்க, இந்த ஆட்டத்தை நடத்தும் பெரிய மனிதர்கள் செய்த காரியத்தைக் கேளுங்கள். இந்திய அணிக்கு ஊக்கமூட்டும் பேரால் ஒரு சோதிடக் கம்பெனியை அமர்த்தி, 16 லட்ச ரூபாய் கொடுக்கப்பட்டதாக 2022 ஜூனில் பத்திரிகைகள் எழுதின. 2023 செப்டம்பரில் இந்தியன் எக்ஸ்பிரஸ் இன்னொரு சங்கதியை வெளியிட்டது. 2022 ஜூன் 11-ஆம் தேதி கல்கத்தாவில் ஆப்கானிஸ்தானத்தோடு நடந்த ஆட்டத்திற்கு முன், இந்திய அணியின் பயிற்சியாளராயிருந்த இகோர் ஸ்டிமாச், ஆட்டக்காரர்களின் பட்டியலை ஒரு சோதிடருக்கு அனுப்பி, யாருக்கு அன்றைக்கு நாள் நன்றாயிருக்கின்றது, யாருக்குச் சரியில்லை என்று கேட்டு வாங்கினார் என்பதே அது. ஐரோப்பாவிலிருந்து சம்பளம் கொடுத்து வரவழைத்த பயிற்சியாளருக்கும் நமது பஞ்சாங்கத்தைப் பழக்கிவிட்டார்கள்!

அந்த ஆட்டத்தில்தான் என்ன நடந்தது? 86-ஆவது நிமிஷத்தில் சுனில் சேத்ரி கோல் போட்டார். இரண்டே நிமிஷத்தில் ஆப்கானியர் சமன் செய்தனர். முழு நேரமும் முடிந்த பின் கொடுத்த அதிகப்படி நேரத்தில் சகல் அப்துல் சமது இன்னொன்று போட்டு, இந்தியா 2-1 என்று ஜெயித்தது. சோதிடம் பலித்தது என்று சொல்லுகின்றவர்களைக் கேட்கிறோம்: 86-ஆவது நிமிஷத்தில் நம் பக்கம் இருந்த சனியும் குருவும் 88-ஆவது நிமிஷத்தில் கட்சி மாறி, மறுபடியும் திரும்பி வந்தனவா? மேலும், 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பைக்கு இந்த அணி போனது. ஆஸ்திரேலியாவிடம் 0-2, உஸ்பெகிஸ்தானத்திடம் 0-3, சிரியாவிடம் 0-1. மூன்று ஆட்டத்திலும் ஒரு கோல்கூடப் போடவில்லை. ஒன்பது கிரகங்களும் அப்போதும் ஆகாயத்தில்தானே இருந்தன?

இதில் மோசம் போகிறவன் முதலில் ஆட்டக்காரன். நன்றாய் ஓடுகின்றவனைப் பிறந்த தேதியைப் பார்த்து உட்கார வைக்கலாம் என்றால், அவன் பத்து வருஷம் பட்ட பாட்டுக்கு என்ன மதிப்பு? பிறப்பைப் பார்த்து யோக்கியதையைத் தீர்மானிக்கும் அந்த வருணாசிரமப் புத்திதான் இங்கே ஜாதியை விட்டு ஜாதகமாக வந்திருக்கின்றது. அடுத்தபடி, ரயிலேறிப் போய்க் காசு கொடுத்துப் பார்க்கின்றவன். திறமையில் மிக்க பதினொருவர் ஆடுவதாக நம்பியே அவன் டிக்கெட் வாங்குகிறான். சர்க்காரின் உதவிப் பணமும் பெறுகின்ற கால்பந்துச் சம்மேளனம், சோதிடனுக்குப் போன தொகையை எந்தக் கணக்கில் எழுதினது, யார் கையெழுத்திட்டது என்பதை அவனுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கின்றது.

ஆயிரம் ரூபாய்க்கு நல்ல பந்து ஒன்று கிடைக்கின்றது. 16 லட்சத்திற்கு 1,600 பந்துகள். கோச்சடையில் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வரும் பையன்கள் தையல் பிரிந்த பந்தைக் கயிற்றால் கட்டி உதைக்கிறார்கள்.