கிடாரியின் அப்பா யார்?

காலை நடையில் என்னோடு வரும் பாலவாக்கம் நண்பர், செங்கல்பட்டுப் பக்கம் இருக்கும் தன் நிலத்தில் கட்டுவதற்கு ஒரு கிர் கிடாரி வாங்கியிருக்கிறார். சாதாரண மாட்டைவிட இரண்டு மடங்கு விலை. கூடவே ஒரு சான்றிதழ். தாய், தாயின் பால் அளவு, தந்தைக் காளை என்று எல்லாம் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்திருந்தார்கள். "பேங்கில் மாட்டுக்கடன் கொடுத்தவராச்சே, பாருங்க சார்" என்று நீட்டினார். தந்தை என்ற இடத்தில் ஒரு பெயர் இருந்தது. காளையின் எண் இல்லை, சினை ஊசி போட்ட தேதியும் இல்லை.

எண்பதுகளில் ஐ.ஆர்.டி.பி. கடனில் மாடு வாங்கிக் கொடுத்தபோது எங்களுக்கு இருந்த அத்தாட்சி காது வில்லைதான். மாடு செத்தால் இன்ஷூரன்ஸ் பணத்துக்கு அந்த வில்லை வந்தாக வேண்டும். (வில்லையோடு காதையும் அறுத்து வந்து மேஜைமேல் வைத்தவர் உண்டு, அதுவும் டிபன் நேரத்தில்.) இன்று 12 இலக்க எண்ணோடு வில்லை மாட்டி, கணினியில் பதிகிறார்கள். நல்ல காரியம். ஆனால் இது எந்த மாடு என்பதைத்தான் வில்லை சொல்லும். அப்பன் பெயர், சொன்னவர் சொன்னபடி.

சினை ஊசியில் தவறு நடக்க வழி நிறைய. 0.25 மில்லி கொள்ளும் உறைவிந்துக் குச்சிகள் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் கட்டுக்கட்டாகக் கிடக்கும். காளை எண் குச்சியிலேயே அச்சாகியிருந்தாலும், அவசரத்தில் வேறொன்று கைக்கு வரலாம். ஊசி போட்ட அன்றே மேய்ச்சலில் ஊர்க்காளை சேர்ந்திருக்கலாம். பதிவேட்டை ராத்திரி ஞாபகத்திலிருந்து நிரப்பலாம். இதற்கெல்லாம் யாரும் ஏமாற்ற நினைக்கவே வேண்டாம். பிரிட்டனிலும் இஸ்ரேலிலும் நடந்த ஆய்வுகளில்கூட, ஏறக்குறைய பத்தில் ஒரு மாட்டுக்கு ஏட்டில் இருந்த தந்தை தவறு என்று தெரிந்தது.

பால் கறந்தால் போதாதா என்றார் நண்பர். போதாது. அப்பன் எதுவென்று தெரியாவிட்டால், அதே காளையின் குச்சியை மகளுக்கும் போட்டுவிடுவோம். தவிர, பொலிகாளையின் தரத்தை அதன் மகள்கள் கறக்கும் பாலை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். வேறு காளையின் மகள்களை இதன் கணக்கில் எழுதினால், மட்டமான காளை ஆயிரக்கணக்கான குச்சிகளாக ஊர் ஊராகப் போய்விடும்.

சரிபார்ப்பது முடியாத காரியமல்ல. வேரோடு பிடுங்கிய வால் மயிரோ கொஞ்சம் ரத்தமோ போதும். மரபணுவில் பத்துப் பன்னிரண்டு இடங்களைப் பார்ப்பார்கள். ஒவ்வொரு இடத்திலும் கன்றுக்கு ஒரு பங்கு தாயுடையது, மற்றது தந்தையுடையது. தாயின் பங்கைக் கழித்து மிஞ்சுவது பல இடங்களில் அந்தக் காளையிடம் இல்லையென்றால், அது தந்தையில்லை. காளை செத்திருந்தாலும் மிச்சமிருக்கும் ஒரு குச்சி போதும்.

நம் செங்குன்றம் பக்கத்து அலமாதியில் இருப்பது போன்ற உறைவிந்து நிலையங்களுக்கு எடுக்கும் காளைகளுக்கு இந்தச் சோதனை உண்டு. காசு கொடுத்து வாங்குகிறவனின் கிடாரிக்கு இல்லை. கிர் ஆனாலும் காங்கேயம் ஆனாலும், வம்சம் சொல்லி விலை ஏற்றுகிறவர் அந்தச் சோதனைச் செலவையும் ஏற்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி. சிறு விவசாயிக்கு அது கட்டாது. அவர் ஊசி போட்டதும் காலிக் குச்சியைக் கேட்டு வாங்கி, ஒரு நோட்டில் ஒட்டித் தேதி எழுதி வைக்கலாம்.

நண்பர் விற்றவருக்குப் போன் செய்து காளை எண் கேட்டார். "நம்பிக்கை இல்லையா சார்?" என்றாராம். பத்து நாளாகிறது, இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.