மடிகே ஏட்டில் தேடுங்கள்

குடும்ப வரலாறு எழுதுவோர் அண்மைக் காலமாக நம்மிடையே பெருகிவிட்டனர். நல்லதுதான். ஆனால் எந்த நூலைப் பிரித்தாலும் முதற்பக்கத்திலேயே ஓர் அரபு வணிகர் கப்பலிலிருந்து இறங்கிவிடுகிறார்! அவருக்கும் நூலாசிரியரின் பூட்டனாருக்கும் இடைப்பட்ட நூற்றாண்டுகள் வெற்றுத்தாள்.

இந்த நோய் பழையது. 1888 இல் பொன்னம்பலம் இராமநாதன் நம்மை இனத்தால் தமிழர் என்றார். 1907 இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் மறுத்தெழுதினார். சட்டநிரூபண சபையில் நமக்கோர் ஆசனம் பற்றிப் பேசப்பட்ட காலத்து வாதம் அது. மறுப்புக்கு அவசியம் இருந்தது. இன்று யாருக்கு மறுக்கிறோம்?

ஒல்லாந்தர் கண்டியை ஆளவில்லை. ஆகவே அவர்களது தோம்பில் மலைநாட்டு முஸ்லிமைத் தேடிப் பயனில்லை. நம் மூத்தோர் இருப்பது சிங்கள ஏடுகளில். தவளமாடுகளில் அரசனின் பாக்கும் உப்பும் ஏற்றிய மடிகேயில், காணியையும் அதற்கீடான ஊழியத்தையும் பதிந்த லேகம் மிட்டிகளில், கெட்டபேரியக் கோபால வைத்தியர் பரம்பரை பெற்ற சன்னஸில். நம்மிற் பலரது பழைய காணி உறுதிகளில் 'கே' என்று முடியும் சிங்கள வீட்டுப்பெயர் உண்டு. வெளியே சொல்லத்தான் கூச்சம்!

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற நம் பிள்ளைகள் எத்தனை பேர்! அந்நூலகத்தின் ஓலைச்சுவடிகளைத் தொட்டுப் பார்த்தவர் எத்தனை பேர்? கடைத்தெருவில் சரளமாகச் சிங்களம் பேசுகிறோம். பழைய சிங்களக் கையெழுத்தை வாசிக்க ஒருவரையும் பழக்கவில்லை.

இனி அணிந்துரை கேட்டு வருவோரிடம் கப்பலைப் பற்றி விசாரிக்கமாட்டேன். உறுதியைக் கொண்டுவாருங்கள் என்பேன்.