மூன்றாம் பேற்றுக்கு ஓய்வு பாதியா?

பிள்ளை பெறுவதே பெண்ணை மூப்படையச் செய்கிறது என்போர் மூணாறு தேயிலைச் சரிவுகளைக் காண வேண்டும். பெற்றவளும் பெறாதவளும் ஒரே கொழுந்துச் சுமையில்தான் முதுகு வளைகிறார்கள். பெற்றவளுக்கு உடல் தேறும் காலமும் மறுக்கப்படுகிறது.

பேறுகால நலச் சட்டத்தின் 2017 திருத்தம் ஊதியத்துடன் 26 வார விடுப்பு அளித்தது. இரு குழந்தைகள் உள்ளவளுக்கோ 12 வாரமே. மேலும் தளர்ந்த உடலுக்குப் பாதிக்கும் குறைவான ஓய்வு! மக்கள்தொகையைக் காரணம் காட்டுவோர் தண்டத்தைத் தாயின் இடுப்பெலும்பில் வசூலிக்கிறார்கள். 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் இதையே வழிமொழிந்தது.

2015 செப்டம்பரில் மூணாற்றின் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் ஒன்பது நாள் போராடி, குறைக்கப்பட்ட போனஸை 20 சதவீதமாக மீட்டனர் (சங்கத் தலைவர்களை ஒதுக்கிவைத்தே மீட்டனர் என்பதையும் தோழர்கள் மறக்கலாகாது). அடுத்த கோரிக்கைப் பட்டியலில் எல்லாப் பேற்றுக்கும் 26 வாரம் என்பது முதல் வரியாக இடம்பெற வேண்டும்.